உட்லண்ட்ஸில் கடல் ஏறும், ஓடாது

ஓத மின்நிலையத்துக்கு இடம் பார்ப்பது என் தொழில். உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரன்ட் பூங்காவில் மாலை நடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். காலையில் பாறை தெரிந்த இடத்தில் மாலையில் ஆள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறதே, இதில் மின்சாரம் எடுக்கக்கூடாதா? தவறான கேள்வி இல்லை. பெரிய ஓத நாள்களில் சிங்கப்பூர்க் கடலோரம் ஏறத்தாழ 3 மீட்டர் ஏறி இறங்குகிறது. வீவக அடுக்குமாடியில் ஒரு தளத்தின் உயரம். அவ்வளவு தண்ணீரைத் தினமும் இரண்டு முறை யாரோ இலவசமாகத் தூக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றுதான் கரையில் நிற்பவருக்குத் தோன்றும்.

என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி 'இங்கே வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதில்தான் போயிற்று. அதில் உட்லண்ட்ஸுக்கு எதிராக எழுதுவது மிக எளிது. காரணத்தைப் பூங்காவிலிருந்தே விரலை நீட்டிக் காட்டிவிடலாம்: ஜோகூர் பாருவுக்குப் போகும் கடற்பாலம்.

ஓதத்திலிருந்து மின்சாரம் எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கழிமுகத்தின் வாயை அணை கட்டி அடைத்து, உள்ளேயும் வெளியேயும் நீர்மட்ட வித்தியாசத்தை உண்டாக்கி, மதகு வழியே விழும் தண்ணீரில் சுழலியை ஓட்டுவது. பிரான்சில் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966 முதல் 240 மெகாவாட் நிலையம் இப்படித்தான் ஓடுகிறது. இரண்டாவது வழியில் அணையே கிடையாது. இரண்டு நிலங்களுக்கு நடுவே நெருக்கப்பட்டு ஓடும் நீரோட்டத்தில், காற்றாலையை நிறுத்துவதுபோல, சுழலியை நேரடியாக இறக்கிவிடுவது. ஸ்காட்லாந்தின் வடமுனையில் மேஜென் என்ற இடத்தில் 1.5 மெகாவாட் சுழலிகள் நான்கு கடலடியில் இருக்கின்றன. முதல் வழிக்கு உயரம் வேண்டும். இரண்டாவதற்கு வேகம் வேண்டும். கரையில் நிற்பவர் கண்ணுக்கு உயரம் தெரிந்துவிடும். வேகத்தை இறங்கித்தான் அளக்க வேண்டும்.

வேகத்தின் கணக்கு கொஞ்சம் கொடூரமானது. ஓடும் நீரில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். விநாடிக்கு 1 மீட்டர் ஓடும் கடல்நீர், குறுக்கே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 500 வாட் கொண்டுபோகிறது. 2 மீட்டர் ஓடினால் அது 4,100 வாட். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. இதில் சுழலி பிடிப்பது மூன்றில் ஒரு பங்கு, நல்ல சுழலியென்றால் அதற்குச் சற்று மேலே. இந்தக் காரணத்தால் 'சராசரி வேகம்' என்று யாராவது ஓர் எண்ணைக் கொடுத்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நாள் முழுக்க 1 மீட்டர் ஓடும் நீரிணையும், பாதி நேரம் நின்று பாதி நேரம் 2 மீட்டர் ஓடும் நீரிணையும் ஒரே சராசரியைத்தான் தரும். ஆனால் இரண்டாவதில் ஆற்றல் நான்கு மடங்கு.

இப்போது கடற்பாலத்துக்கு வருகிறேன். 1919-இல் வேலை தொடங்கி 1924-இல் முறைப்படி திறந்தார்கள். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். நம்மில் பலர் அதைப் பாலம் என்று நினைத்துக்கொண்டுதான் பேருந்தில் கடக்கிறோம். உண்மையில் அது கற்களைக் கொட்டி எழுப்பிய கரை. புலாவ் ஊபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் வெட்டி வந்த கருங்கல். ஜோகூர் பக்கம் படகுகள் கடக்க ஒரு பூட்டுவாய்க்கால் வைத்திருந்தார்கள். 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்புப் படைகள் கரையில் ஓர் இடைவெளியை வெடிவைத்து உண்டாக்கின. பூட்டுவாய்க்காலும் அத்தோடு போயிற்று. பிறகு கரையை மட்டும் அடைத்துச் சரிசெய்தார்கள்.

ஆக, கிழக்கேயிருந்து வரும் ஓதம் கரையில் முட்டி நிற்கிறது, மேற்கேயிருந்து வருவதும் மறுபக்கம் முட்டி நிற்கிறது. ஒரு காலத்தில் இரு முனையும் திறந்திருந்த நீரிணை இரண்டு முட்டுச்சந்துகள் ஆகிவிட்டது. முட்டுச்சந்தின் கடைசியில் தண்ணீர் ஏறி இறங்கும். ஓடாது, ஓட அதற்குப் போக்கிடம் கிடையாது. தண்ணீர் சரியாகப் புழங்காத இந்தக் கடலில் பாசிப் பெருக்கம் வந்தால் வளர்ப்பு மீன்கள் பாடு திண்டாட்டம்தான்; 2014, 2015 ஆண்டுகளில் ஜோகூர் நீரிணைப் பண்ணைக்காரர்கள் பட்ட நஷ்டத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், படித்து முடித்த சூட்டில் இருந்தவர், ஒருநாள் கேட்டார்: "அண்ணே, அதான் சுவர் ஏற்கெனவே கட்டியாச்சே. கொரியாக்காரன் சிஹ்வாவில செஞ்ச மாதிரி அதுல ஓட்டை போட்டு டர்பைன் வச்சிட்டா என்ன?"

கெட்டிக்காரத்தனமான கேள்வி. சிஹ்வா கதை எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லிச் சொல்லி மகிழ்வது. தென்கொரியாவில் கடலை மறித்து 1994-இல் ஒரு கரை கட்டி முடித்தார்கள். உள்ளே நன்னீர் ஏரி உருவாகி விவசாயத்துக்கு உதவும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் ஏரியில் ஆலைக்கழிவும் சாக்கடையும் தேங்கி நாறியது. கடைசியில் கரையைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டாக வேண்டிய நிலை. திறக்கத்தான் போகிறோம், சுழலியையும் வைப்போம் என்று 2011-இல் 254 மெகாவாட் நிலையத்தை ஓட்டத் தொடங்கினார்கள். கரைக்கான செலவு ஏற்கெனவே முடிந்துபோன செலவு. தண்ணீரும் சுத்தமாயிற்று.

தம்பியிடம் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினேன். சிஹ்வாவில் கரைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மூடிய ஏரி. கடல் ஏறும்போது ஏரி ஏறாமல் நிற்கிறது. அங்கே ஓதம் பல மீட்டர் ஏறுவதால் இரண்டுக்கும் நடுவே நல்ல வீழ்ச்சி கிடைக்கிறது. உட்லண்ட்ஸில் கரைக்கு இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல். இரண்டு பக்கத்துக்கும் தாய்க்கடல் ஒன்றுதான். கிழக்கில் ஏறும்போது மேற்கிலும் அநேகமாகக் கூடவே ஏறிவிடும். நேரத்தில் கொஞ்சம் முன்பின், உயரத்தில் கொஞ்சம் கூடக்குறைய. அந்த மிச்சம்தான் கையில் கிடைக்கும் வீழ்ச்சி. சிஹ்வாவோடு ஒப்பிட அது ஒரு பொருட்டே இல்லை. இதற்குமேல் கரையின் ஒரு பாதி அடுத்த நாட்டுடையது, அதன்மேல் உலகிலேயே நெரிசலான எல்லைச் சாலைகளில் ஒன்று, அதை ஒட்டிக் குடிநீர்க் குழாய். இத்தனையையும் தோண்டி எடுப்பதற்கு எந்த அமைச்சரும் கோப்பில் கையெழுத்திட மாட்டார். மலேசியா தன் பங்குக் கரையை எடுத்துவிட்டு வளைந்த பாலம் ஒன்று கட்டப்போவதாகச் சொல்லி, 2006 ஏப்ரலில் அதைக் கைவிட்டது. அது நடந்திருந்தால்கூடப் பாதிதான் திறந்திருக்கும்.

தம்பி விடவில்லை. "சரிண்ணே, இருக்கிற ஓட்டத்துல எவ்வளவு வரும்?" என்றார். அதையும் போட்டோம். விநாடிக்கு 0.3 மீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 14 வாட். நீரிணையின் அகலம் 1 கிலோமீட்டர், ஆழம் 10 மீட்டர் என்று வைத்து, மீனுக்கும் கப்பலுக்கும் இடமில்லாமல் முழுவதையும் சுழலியால் அடைத்தாலும் மொத்தம் 140 கிலோவாட். சுழலி பிடிக்கும் பங்கை எடுத்தால் 50 கிலோவாட் மிஞ்சும். உண்மையில் அந்த வேகத்தில் பெரும்பாலான சுழலிகள் அசையவே அசையா; ஓடத் தொடங்கவே 0.7 மீட்டராவது வேண்டும்.

இதே தண்ணீரில் 2021-இல் சன்சீப் நிறுவனம் 5 மெகாவாட் மிதக்கும் சூரியத்தகடு நிலையத்தைக் கட்டி முடித்தது. உட்லண்ட்ஸ் கரையிலிருந்து பார்த்தாலே தெரியும். 5 ஹெக்டேரில் 13,312 தகடுகள். ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் யூனிட் என்று அறிவித்தார்கள். எனக்கு எதையும் சதுர மீட்டருக்கு வகுத்துப் பார்க்கும் வியாதி உண்டு. இரவு பகல் எல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால் அங்கேயும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 14 வாட்தான் வருகிறது! சூரியனுக்கு அதே 14 வாட் போதும். தகட்டை நீர்ப்பரப்பின்மேல் எவ்வளவு தூரமும் விரிக்கலாம். நீரோட்டத்துக்கோ குறுக்குவெட்டுதான் சொத்து, அது நீரிணையின் அகலத்தோடும் ஆழத்தோடும் முடிந்துவிடுகிறது.

மிதக்கும் தகடு போடுகிறவர்களும் எங்களைப்போலவே முதலில் நீரோட்டத்தைத்தான் அளப்பார்கள். எங்களை விரட்டுகிற எண் அவர்களை வரவேற்கும். ஓட்டம் குறைந்தால் நங்கூரச் சங்கிலிக்குச் செலவு குறைவு. நூறாண்டுக்கு முன் ரயிலுக்காகக் கொட்டிய கல், ஓத மின்சாரத்துக்கு இடத்தைக் கெடுத்து, சூரிய மின்சாரத்துக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறது. அந்தக் கணக்கு முடிந்த பிறகு நானும் உட்லண்ட்ஸைக் கழித்துக்கட்டிய இடமாகப் பார்ப்பதில்லை.

சிங்கப்பூரில் கடல் ஓடுவது தெற்கே. செந்தோசா, செயின்ட் ஜான், குசு, சிஸ்டர்ஸ் தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் பிடித்தால் சின்னப் படகு பக்கவாட்டில்தான் போகும். அங்கே கருவி இறக்கப் போனபோதெல்லாம் எங்களுக்குப் படகு ஓட்டியவர் வயதான மலாய்க்காரர். பாக்சிக் என்று கூப்பிடுவோம். ஓத அட்டவணையில் அன்றைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம் என்று தெளிவாகப் போட்டிருக்கும். அவரோ தண்ணீரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்று மாலைவரைக்கும் ஒரே பக்கம்தான் இழுக்கும் என்பார். இழுக்கும்.

இது சிங்கப்பூர் நீரிணையின் தனிக் குணம். இந்தியப் பெருங்கடலின் ஓதம் ஒரு வாசலில் நுழைகிறது, தென்சீனக் கடலின் ஓதம் மறு வாசலில். நீர்மட்டம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. நீரோட்டமோ பெரிதும் நாளுக்கு ஒரு முறை என்ற தாளத்தில் திசை மாறுகிறது. மட்டமும் ஓட்டமும் இரண்டு வேறு கடிகாரங்கள். ஆகவே அமாவாசை, பௌர்ணமியை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்டத்தைக் கணிக்க முடியாது. சந்திரன் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. அது கோட்டுக்கு நேரே வரும் நாள்களில் ஒருநாள் தாளம் தளர்ந்துபோகும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தண்ணீர் மேற்குப் பக்கமாக ஒருபாடு சாய்ந்துவிடும். பாக்சிக்கிடம் இதையெல்லாம் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அதைத்தானே நான் சொன்னேன்' என்பதுபோலத் தலையாட்டினார்.

அளக்கும் கருவி கடலடியில் மூன்று கால் சட்டத்தில் உட்காரும். அண்ணாந்து பார்த்தபடி ஒலியை அனுப்பும். நீரோடு மிதந்து போகும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதி மாறியிருக்கும். அந்த மாற்றத்திலிருந்து அடியிலிருந்து மேல்வரை ஒவ்வொரு அடுக்கின் வேகமும் தெரிந்துவிடும். அடுக்கடுக்காகத் தெரிவது முக்கியம். கடலடியை ஒட்டி ஓட்டம் உரசலில் மந்தப்படும், மேலே போகப்போக வேகம் கூடும். ஆனால் மேலே கப்பல் போகிறது. சுழலியின் இறக்கை நுனிக்கும் கப்பலின் அடிப்பாகத்துக்கும் நடுவே போதுமான தண்ணீர் விட்டால், நல்ல வேகமுள்ள அடுக்கைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டு நாம் மந்தமான அடுக்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு சந்திர மாதமாவது கருவி கீழே கிடக்க வேண்டும். அதற்குக் குறைந்த அளவை வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்குச் சொல்பவரை நான் நம்புவதில்லை. அந்த ஒரு மாதத்தை ஓதத்தின் தனித்தனித் தாளங்களாகப் பிரித்துவிட்டால், 12 மணி 25 நிமிடத்தது ஒன்று, 24 மணிக்குச் சற்றுக் குறைந்தது ஒன்று என்று வரிசையாக வரும். பிறகு வருங்காலத்தை எழுதிவிடலாம். காற்றும் வெயிலும் தராத வசதி இது. பத்து வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சுழலி எவ்வளவு தரும் என்பதை இன்றே சொல்லலாம். ஓதத்தின் விலை அதிகம் என்று தெரிந்தும் மின்கட்டமைப்புக்காரர்கள் எங்களை உட்காரவைத்துப் பேசுவது இதனால்தான்.

கருவியை மேலே எடுக்கும்போதுதான் வெப்பக் கடல் தன் கையெழுத்தைக் காட்டும். கொட்டலசு, பச்சை மட்டி, கடற்பஞ்சு, பெயர் தெரியாத சவ்வு. ஸ்காட்லாந்தின் குளிர்நீரில் சோதித்து வந்த சுழலியின் விற்பனை ஏட்டில் இதற்கு ஒரு பத்தி இருக்கும். நமக்கு ஓர் அத்தியாயம் வேண்டும். இறக்கையில் கொட்டலசு ஏறினால் வழவழப்பு போய்ச் சக்தி குறையும். சுத்தம் செய்யச் சுழலியை நீரிலிருந்து எடுக்க வேண்டும், எடுப்பதற்கு ஓட்டம் நிற்கும் சிறு இடைவேளைதான் நேரம். நல்ல இடம் என்பதே ஓட்டம் நிற்காத இடம். இந்த முரண்பாட்டுக்கு யாரிடமும் முழு மருந்தில்லை. மிதவையில் தொங்கவிட்டுத் தேவைப்படும்போது தூக்கிக்கொள்ளும் வடிவங்கள் நம் கடலுக்குப் பொருத்தம் என்பது என் கட்சி. கடலடியில் நடும் கட்சிக்காரர்களோடு தேக்காவில் தோசைக்கு நடுவே நிறைய சண்டை போட்டிருக்கிறேன்.

ஒருமுறை கருவியின் சட்டம் இறக்கிய இடத்தில் இல்லை. தேடிப் பிடித்தபோது நல்ல தூரம் தள்ளிக் கால் வளைந்து கிடந்தது. ஏதோ ஒரு கப்பலின் நங்கூரம் இழுத்துப்போயிருக்க வேண்டும். தெற்கு நீரிணையின் பிரச்சினை முழுவதும் அந்த வளைந்த காலில் இருந்தது. ஓட்டம் இருக்கும் இடத்தில் கப்பல் வழி இருக்கிறது, நங்கூரத் தளம் இருக்கிறது, கடலடிக் கம்பி இருக்கிறது, பவளத்திட்டு இருக்கிறது. கடல் வரைபடத்தில் இவற்றை ஒவ்வொன்றாக நிறம் தீட்டி அடைத்துக்கொண்டே வந்தால் வெள்ளையாக மிஞ்சும் துண்டுகள் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கும். துறைமுகம் இந்த ஊரின் சோறு. அதன் வழியில் சுழலி நிற்க வேண்டும் என்று நானே வாதாட மாட்டேன்.

இருந்தும் முயற்சி நடந்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எரிசக்தி ஆய்வுக் கழகம் 2013-இல் செந்தோசா நடைபாலத்தின் அடியில் சிறு சுழலிகளை வைத்துச் சோதித்தது. ஊருக்கு மின்சாரம் தருவது அதன் நோக்கமில்லை. வெப்பக் கடலில் எந்த உலோகம் தாங்கும், எந்தப் பூச்சில் கொட்டலசு ஏறாது என்று பார்க்க அது நல்ல இடம். இடம் பார்ப்பதில் இப்படியும் ஒரு வகை உண்டு: உற்பத்திக்குப் போதாத நீர், சோதனைக்குப் போதும்.

நம் ஊர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் பாம்பனைப் பற்றிக் கேட்பார்கள். பாம்பன் வாயில் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடுவதை ரயிலிலிருந்து பார்த்தவர்கள் சும்மா இருக்க முடியாது. ஆனால் அங்கே ஓத ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஓட்டத்தில் பெரும்பங்கு பருவக்காற்று இருபக்கக் கடலையும் தள்ளுவதால் வருவது. சந்திரக் கணக்கில் அடங்காது. இந்தியாவில் உயரம் இருப்பது குஜராத்தில்தான். காம்பத் வளைகுடாவில் 11 மீட்டர்வரை, கட்ச் வளைகுடாவில் 8 மீட்டர்வரை ஓதம் ஏறுகிறது. 2011-இல் கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட் ஓத மின்நிலையம் என்று அறிவிப்பு வந்தது. அதன் பின்னால் இருந்த அட்லாண்டிஸ் நிறுவனத்துக்கு அப்போது தலைமையகம் சிங்கப்பூர், ஆகவே இங்கே எங்கள் வட்டத்தில் பரபரப்பு. நிலையம் எழும்பவில்லை. சுந்தரவனத்தில் துர்காதுவானி கால்வாயில் 3.75 மெகாவாட் திட்டமும் செலவு தாங்காமல் நின்றது. இரண்டு இடத்திலும் கடல் தன் பங்கைச் சரியாகச் செய்தது. குஜராத்தின் வெயிலும் காற்றும் அதைவிடக் குறைந்த விலைக்கு மின்சாரம் தந்தால் வாங்குகிறவர் ஓதத்துக்கு ஏன் வருவார்?

இதனால் இப்போதெல்லாம் கோப்பு வந்தால் வேகப் பக்கத்தைக் கடைசியில்தான் திறக்கிறேன். இந்தோனேசியாவில் ஃபுளோரஸ் தீவுக்கும் அடோனாரா தீவுக்கும் நடுவே உள்ள லாரன்துக்கா நீரிணை, பிலிப்பைன்ஸில் சான் பெர்னார்டினோ நீரிணை — இப்படிப்பட்ட இடங்களில் நீர் ஓடுவதைப் பார்த்தால் உட்லண்ட்ஸ்காரருக்குப் பொறாமை வரும். பக்கத்துத் தீவுகளில் ஆட்கள் டீசல் எஞ்சினை நம்பி விளக்கெரிக்கிறார்கள். டீசல் படகில் வருகிறது. அலை பெரிதானால் வருவதில்லை. அங்கே ஓத மின்சாரம் போட்டியிட வேண்டியது அந்த டீசலோடு, சிங்கப்பூரின் எரிவாயு நிலையத்தோடு அல்ல.

முதல் பக்கத்தில் நான் தேடுவது டீசல் லிட்டர் என்ன விலைக்குக் கரையிறங்குகிறது என்பதை. பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல் தீவுக்கு எவ்வளவு தேவை, அந்நேரம் ஓட்டம் நிற்கும் நாள்கள் எத்தனை, அவற்றைத் தாண்ட மின்கலம் எவ்வளவு. பிறகு, பளுதூக்கியுள்ள தெப்பம் அருகில் எந்தத் துறைமுகத்தில் கிடைக்கும், அதை வரவழைக்க ஒரு தடவைக்கு என்ன ஆகும். சுழலி பழுதானால் நீரில் இறங்கத் தீவிலேயே இரண்டு பேரைப் பழக்க முடியுமா, அவர்களுக்குச் சம்பளம் தருவது யார். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாமல் வந்த கோப்புகளை, வேகம் 3 மீட்டர் என்று போட்டிருந்தாலும், நான் மேலே அனுப்பியதில்லை.